நீலக் குமிழி

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒரு ஜூன் மாதத்து இரவுச் சாப்பாட்டின்போது தொடங்கியது. மகள் எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். ஹைஸ்கூலுக்குப் போகும்போது போன் வாங்கித் தருவதென்று முன்பே பேசிவைத்திருந்ததால் அதில் தகராறு இல்லை. நான் ஒரு வாரம் உட்கார்ந்து விலை, நினைவகம், பேட்டரி, கேமரா எல்லாவற்றையும் எக்ஸெல் தாளில் ஒப்பிட்டு (நம் ஆட்களின் வழக்கம்தானே) ஓர் ஆண்ட்ராய்ட் போனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஐபோனில் பாதி விலை.

“அப்பா, ஆண்ட்ராய்ட்னா எனக்குப் போனே வேண்டாம்” என்றாள்.

“ஏம்மா, அதுல என்ன குறை?”

“குறையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. க்ரூப் சாட்ல நான் மட்டும் பச்சையா இருப்பேன்.”

எனக்கு அன்று அது விளங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி நடைக்கூடத்தில், வகுப்பு முடியக் காத்திருந்த மற்றப் பெற்றோரிடம் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் இதே கதை. சான் ஹோசேயில் இருக்கும் என் கல்லூரித் தோழனும், டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் மைத்துனரும் தொலைபேசியில் இதையேதான் சொன்னார்கள். காரணமும் எல்லோரிடமும் ஒன்றுதான் இருந்தது: பிராண்ட் மோகம், செல்லம், கஷ்டம் தெரியாத வளர்ப்பு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

பிறகு சில நீதிமன்ற ஆவணங்கள் வெளிவந்தன. தொலைத்தொடர்புத் துறையில் பிழைப்பு நடத்தியவன் என்பதால் அவற்றைப் படித்தேன். “பச்சையா இருப்பேன்” என்ற பதின்மூன்று வயதுப் பெண்ணின் சொல்லுக்குப் பின்னால் குறிப்பிட்ட ஓர் ஆண்டு, சில மின்னஞ்சல்கள், ஒரு வழக்கு எல்லாம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வரலாறு நாம் குடியேறிய ஊர்கள் வழியாகவே ஓடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

*

அமெரிக்கத் தொலைபேசியின் கதையில் பெரும்பகுதி நியூ ஜெர்சிக்குச் சொந்தம். 1947 டிசம்பரில் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதே மாதம் அதே ஆய்வகத்தின் டி. எச். ரிங் என்பவர் ஓர் உள்சுற்றுக் குறிப்பு எழுதினார். ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வானொலி நிலையம் வைத்தால், அதே அலைவரிசைகளைத் தள்ளியிருக்கும் வட்டாரங்களில் மறுபடி பயன்படுத்தலாம் என்பது யோசனை. செல்போன் என்ற சொல்லில் இருக்கும் ‘செல்’ அந்த வட்டாரம்தான். 1965-ன் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இந்தியாவிலிருந்து வந்த பொறியாளர்கள் பலர் மர்ரே ஹில்லிலும் ஹோம்டெல்லின் கண்ணாடிக் கட்டடத்திலும் வேலை பார்த்தார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

அந்தக் காலத்துத் தொலைபேசிக்கு பிராண்ட் கிடையாது. இருந்தது ஒரே கம்பெனி. கருவியைச் செய்தது அதன் துணை நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக். வீட்டுக்காரர் அதை வாங்கியதுகூட இல்லை; மாத வாடகைக்கு வைத்திருந்தார். 1984 ஜனவரி 1 அன்று ஏ.டி. அண்ட் டி. உடைக்கப்படும் வரை பெரும்பாலான வீடுகளில் இதே நிலைதான். போன் சமையலறைச் சுவரில் தொங்கும். மகள் யாருடன் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

பதின்ம வயதினரைத் தனிச் சந்தையாகப் பார்க்கும் வழக்கம் அந்த ஏகபோகத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது. 1959-ல் பெல் நிறுவனம் ‘பிரின்சஸ்’ என்றொரு போனைக் கொண்டுவந்தது. சின்னது, வண்ணங்களில் கிடைத்தது, எண்வட்டில் விளக்கு எரியும். பெண்களின், குறிப்பாக இளம்பெண்களின், படுக்கையறையைக் குறிவைத்தே விளம்பரங்கள் வந்தன. எடை குறைவென்பதால் எண்ணைச் சுழற்றும்போது மேசையில் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் வந்த மாதிரிக்குள் மணி வைக்க இடமில்லை. மணிப்பெட்டியைத் தனியாகச் சுவரில் மாட்டினார்கள். ஒலிக்காத, ஓரிடத்தில் நிற்காத ஒரு தொலைபேசியைப் பெண்பிள்ளைகள் விரும்பிக் கேட்டார்கள் என்றால் அவர்கள் கேட்டது தொலைபேசியை அல்ல, கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையை. பெற்றோருக்கு விற்க வேண்டியதைப் பிள்ளைகளின் வாயால் கேட்கவைக்கும் வித்தையை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் மாநிலத்தின் பெரிய கம்பெனி பயின்றிருந்தது.

நாம் விட்டுவந்த ஊரிலோ பிராண்ட் என்ற பேச்சே எழவில்லை. அரசு கொடுக்கும் கறுப்புக் கருவி, பெங்களூர் ஐ.டி.ஐ. தயாரிப்பு; அதற்கும் வருடக்கணக்கில் காத்திருப்பு. கல்யாணப் பத்திரிகையில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டு எண், கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று பொருள். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, தங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வர ஐந்து ஆண்டு காத்திருந்ததையும், அது வந்தபின் அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டுக்கு வந்து பேசியதையும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தலைமுறைக்குப் போன் என்பது ஒரு தெருவின் சொத்து. யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. என்ன மாடல் என்பது கேள்வியே அல்ல.

*

நமக்கு பிராண்ட் விசுவாசம் இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் அவரிடம் நோக்கியா என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு, 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுக்குப் பேசியது, நோக்கியா கருவியில்தான். 2000-ல் வந்த 3310 உலகெங்கும் 12.6 கோடி விற்றது. 2003-ல் வந்த 1100, 25 கோடி. தூசு புகாத விசைப்பலகையும் டார்ச் விளக்கும் வைத்து நம்மைப் போன்ற ஊர்களுக்கென்றே வடிவமைத்தது அது. ஊருக்குப் போகும்போது அண்ணனுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று என்று பெட்டியில் வைத்துக் கொண்டுபோனவர்கள் நம்மில் எத்தனை பேர்! “வேற எதுவும் வேண்டாம்டா, நோக்கியாவே வாங்கிட்டு வா” என்று என் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவரும் குணநலன்களை எக்ஸெல் தாளில் ஒப்பிட்டுச் சொன்னவரல்ல. அவருடைய நண்பர்கள் எல்லோரிடமும் அதுதான் இருந்தது; சார்ஜர் எந்த வீட்டிலும் பொருந்தும்.

அந்த நோக்கியாவின் அமெரிக்கத் தலைமையகம் டெக்சாஸில், இர்விங்கில் இருந்தது. ஃபோர்ட் வொர்த் அருகே அலையன்ஸில் அதற்கு ஒரு தொழிற்சாலை. பக்கத்தில் ரிச்சர்ட்சனில் எம்.சி.ஐ., எரிக்சன், நார்டெல் என்று வரிசையாக அலுவலகங்கள். அந்தச் சாலையோரத்துக்கே ‘டெலிகாம் காரிடர்’ என்று பெயர். போன்களுக்குள் இருந்த சில்லுகளைச் செய்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் டாலஸில். தொண்ணூறுகளில் எச்-1பி விசாவில் வந்த தமிழ்க் குடும்பங்கள் பிளேனோவிலும் இர்விங்கிலும் வேர்விட்டதற்கு இந்த வேலைகள் ஒரு காரணம். 2001-ல் அந்தத் துறை சரிந்தபோது முதலில் வேலை போனவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். அது வேறு கதை, நீளமான கதை.

*

இளைஞர்களுக்கான போன் என்று சொல்லத்தக்க முதல் கருவி வந்தது பே ஏரியாவிலிருந்து, ஆப்பிளுக்கு முன்பே. பாலோ ஆல்டோவில் ஆண்டி ரூபினும் இரு நண்பர்களும் தொடங்கிய டேஞ்சர் என்ற சிறு நிறுவனம் செய்த கருவியை டி-மொபைல் 2002-ல் ‘சைட்கிக்’ என்ற பெயரில் விற்றது. திரையைச் சுழற்றினால் கீழே முழு விசைப்பலகை. பேசுவதைவிடத் தட்டச்சு செய்வதற்கான போன். பதின்ம வயதினருக்கு அது உயிர். பெற்றோர் பிளாக்பெர்ரியில் அலுவலக அஞ்சல் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளைகள் சைட்கிக்கில் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரூபின் அங்கிருந்து விலகி 2003-ல் ஆரம்பித்த அடுத்த நிறுவனம்தான் ஆண்ட்ராய்ட். 2005-ல் கூகுள் அதை வாங்கியது. பச்சைக் குமிழியின் பூர்வீகமும் பாலோ ஆல்டோதான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டியபோது அது பிள்ளைகளுக்கான பொருளாகத் தோன்றவில்லை. ஜூன் 29 அன்று 499 டாலருக்கும் 599 டாலருக்கும் விற்பனைக்கு வந்தது; கூடவே இரண்டாண்டு ஒப்பந்தம். ஆனால் அடுத்த ஆண்டே ஒப்பந்தத்தோடு 199 டாலர் என்றார்கள். மீதி விலை மாதக் கட்டணத்துக்குள் மறைந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அப்பா புதுப் போன் எடுப்பார். பழையது டிராயரில் கிடக்கும். பிறகு அது பிள்ளைக்குப் போகும். அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதுபோல. நம் வீடுகளில் பல பிள்ளைகளின் முதல் ஐபோன் இப்படி வந்ததுதான். கடையில் போய் அவர்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்ததல்ல. அந்தப் பிராண்டை நம்மிடமிருந்து சுவீகரித்துக்கொண்டார்கள்.

எண்களைப் பார்த்தால் வேகம் தெரியும். பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 2011-ல் அமெரிக்கப் பதின்ம வயதினரில் 23 சதவீதத்தினரிடம் ஸ்மார்ட்போன் இருந்தது. அடுத்த ஆண்டே 37. 2018-ல் 95 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போன் கைக்கெட்டியது. எந்த பிராண்ட் என்பதை பைப்பர் ஜாஃப்ரே என்ற முதலீட்டு நிறுவனம் (இப்போது பைப்பர் சாண்ட்லர்) ஆண்டுக்கு இருமுறை பதின்ம வயதினரிடம் கேட்டுவருகிறது. ஐபோன் வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் 2012 வசந்தத்தில் 34 சதவீதம். 2014 வசந்தத்தில் 61. 2018 இலையுதிர் காலத்தில் 82. 2021-ல் 87. பெரியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்காவில் ஐபோனின் பங்கு பாதியை ஒட்டித்தான் இருந்தது. அப்படியானால் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் இந்தச் சாய்வு? மோகம் என்று சொன்னால் பெரியவர்களுக்கு அது ஏன் வரவில்லை என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

விடை 2011 அக்டோபரில் இருக்கிறது. அந்த மாதம் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 5 மென்பொருளோடு ஐமெசேஜ் என்ற சேவையை வெளியிட்டது. அதுவரை ஐபோனில் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாமே பச்சைக் குமிழியில்தான் தெரிந்தன. ஆம், பச்சைதான் மூத்தது. ஐபோனிலிருந்து ஐபோனுக்கு இணையம் வழியே போகும் செய்திக்கு நீலம் என்றும், தொலைபேசி நிறுவனத்தின் வழியே போகும் எஸ்.எம்.எஸ்.க்குப் பழைய பச்சையே என்றும் அப்போது பிரித்தார்கள். முதலில் அதில் ஒரு பயன் இருந்தது. நீலம் என்றால் காசு இல்லை, பச்சை என்றால் எஸ்.எம்.எஸ். கணக்கில் ஏறும்.

சில ஆண்டுகளில் அந்தப் பொருள் மறைந்து வேறொன்று ஏறியது. என் மகள் சொன்னதில் ஒரு நுட்பமான பிழை உண்டு. பச்சையாவது ஆண்ட்ராய்ட் வைத்திருப்பவள் அல்ல. அவளுக்கு எழுதுகிற தோழிகளின் சொற்கள். ஒருத்தி குழுவில் சேர்ந்தால் குழு முழுதும் பச்சைக்கு மாறும். அதோடு படங்கள் மங்கும், வீடியோ தபால்தலை அளவுக்குச் சுருங்கும், யார் தட்டச்சு செய்கிறார்கள் என்று தெரியாது. பத்துப் பேரின் வசதி ஒருத்தியால் கெடும். அவள் இல்லாமல் இன்னொரு குழு தொடங்குவதுதான் சுலபமான வழி. ஊர்க்கிணற்றில் யார் நீரெடுக்கலாம் என்று சண்டை போட்ட சமூகத்திலிருந்து வந்த நமக்கு இது எளிதில் புரிந்திருக்க வேண்டும். ஏனோ புரியவில்லை.

இது தானாக நடந்ததா? 2021-ல் எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கு ஓக்லண்டில் விசாரணைக்கு வந்தபோது உள் மின்னஞ்சல்கள் வெளியாயின. 2013-ல் ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் கொடுக்கலாமா என்ற பேச்சு ஆப்பிளுக்குள் எழுந்திருக்கிறது. மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி அதை எதிர்த்தார். அவர் சொன்ன காரணம்: ஐபோன் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்ட் போன் வாங்கித் தர முடியாமல் இருக்கும் ஒரு தடையை அது நீக்கிவிடும். 2016-ல் சந்தைப்படுத்தல் பிரிவின் ஃபில் ஷில்லர், அதை ஆண்ட்ராய்டுக்குக் கொடுப்பது நமக்கு நன்மையைவிடத் தீமையே செய்யும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த முதல் மின்னஞ்சலை நான் பலமுறை படித்தேன். அதில் இருக்கும் சொல் ‘குடும்பங்கள்’, ‘பிள்ளைகள்’. எங்கள் சாப்பாட்டு மேசையில் அந்த ஜூன் இரவில் நடந்த பேச்சு, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குப்பர்டினோவில் எதிர்பார்க்கப்பட்டிருக்கிறது. எக்ஸெல் தாளோடு உட்கார்ந்த அப்பா தோற்க வேண்டும் என்பது திட்டம். மகள் அதில் வெறும் தூதர்.

அதே 2013-ல், மார்ச் மாதம், ஆண்டி ரூபினிடமிருந்து ஆண்ட்ராய்டின் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் சுந்தர் பிச்சை. நம் வீடுகளில் அவருடைய பெயர் எப்படி ஒலித்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ‘நம்ம ஊர்ப் பையன்’ செய்த போனை வாங்கித் தருகிறேன் என்று நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்த வாதம் எடுபடவில்லை. 2022-ல் கூகுள், ஆப்பிள் புதிய ஆர்.சி.எஸ். முறையை ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகவே ஓர் இயக்கம் நடத்தியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு மாநாட்டில், தன் அம்மாவுக்கு வீடியோ சரியாகப் போவதில்லை என்று கேட்டவரிடம் டிம் குக், உங்கள் அம்மாவுக்கு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார். அவையில் சிரிப்பு.

பெற்றோராகிய நமக்கு இந்தச் சண்டை தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. நாம் வாட்ஸ்அப்பில் இருந்தோம். உக்ரைனிலிருந்து பதின்ம வயதில் மவுண்டன் வியூவுக்கு வந்த ஜான் கூமும் பிரையன் ஆக்டனும் 2009-ல் தொடங்கிய சேவை அது. எஸ்.எம்.எஸ்.க்கு ஒவ்வொன்றாகக் காசு வாங்கிய நாடுகள் எல்லாம் அதற்கு ஓடின. அமெரிக்காவில் எஸ்.எம்.எஸ். மாதக் கட்டணத்திலேயே அடங்கியதால் இங்குள்ளவர்கள் நகரவில்லை. ஆக, ஒரே வீட்டில் இரண்டு உலகம். திருநெல்வேலிப் பெரியம்மாவும் சிங்கப்பூர்ச் சித்தப்பாவும் இருக்கும் குடும்பக் குழு வாட்ஸ்அப்பில். எந்தப் போனாக இருந்தாலும் சேரலாம். பிள்ளைகளின் குழு ஐமெசேஜில். நம் குழுவில் யாரும் யாரையும் போனைப் பார்த்து ஒதுக்கவில்லை. அதனால் அப்படி ஒதுக்க முடியும் என்பதே நமக்குத் தோன்றவில்லை.

நாமும் சீக்கிரமே உள்ளே இழுக்கப்பட்டோம். பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று வரைபடத்தில் பார்ப்பது, திரை நேரத்துக்கு வரம்பு வைப்பது, வாங்கிய செயலிகளைக் குடும்பத்தோடு பகிர்வது: 2014-ன் ‘ஃபேமிலி ஷேரிங்’கும் 2018-ன் ‘ஸ்கிரீன் டைம்’-உம் பெற்றோருக்கான தூண்டில்கள். அவற்றை முழுதாகப் பயன்படுத்த அப்பாவும் அம்மாவும் ஐபோன் வைத்திருக்க வேண்டும். அந்த ஆகஸ்டில் மகளுக்கு ஐபோன் வாங்கினேன். அடுத்த ஆண்டு நானும் மாறினேன்.

*

இதுவரை சொன்னது வாங்குகிறவர்களின் கதை. செய்கிறவர்களின் கதை சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் நடக்கிறது.

நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண்கள் கம்பெனிப் பேருந்தில் வேலைக்கு வந்தார்கள். அதில் பலருக்கு முதல் சம்பளம், சிலருக்கு வீட்டைவிட்டு முதல் வெளியேற்றம். ஐபோன் பிடித்த நோக்கியா சரிந்தது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் அதன் போன் தொழிலை வாங்கியபோது வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலையை விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. இங்கே நம் பிள்ளைகளின் கையில் நீலக் குமிழி பரவிய அதே ஆண்டுகளில்தான் அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் இருபத்தைந்து வயதுக்குள் வேலையிழந்தார்கள். அந்தக் கட்டடத்தைப் பிறகு வாங்கியது சால்காம்ப். அது சார்ஜர் செய்யும் நிறுவனம்.

அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் 2019-ல் ஐபோன் பூட்டத் தொடங்கியது. 2022-ல் பெகாட்ரான் மகிந்திரா சிட்டிக்கு வந்தது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் தங்கியிருந்தவர்களைப் பற்றித் தகவல் கிடைக்காத நிலையில், சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். ஆலை ஜனவரி 12 வரை மூடிக் கிடந்தது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அப்போது அங்கே மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய், ஏறக்குறைய 140 டாலர், என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்த ஆண்டின் ஐபோன் 13 இங்கே 799 டாலர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. அது நல்ல மாற்றம்தான். அதே ஆண்டு ஜூனில், மணமான பெண்களை அந்த ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்ற ராய்ட்டர்ஸ் செய்தியும் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2025 மே மாதம் டிம் குக் முதலீட்டாளர்களிடம் பேசியபோது, அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பான்மை இந்தியாவில் செய்தவையாக இருக்கும் என்றார். எடிசனிலோ ஃப்ரிஸ்கோவிலோ பதினாறு வயதுப் பெண் பிரித்த பெட்டியை, அவளைவிட மூன்று நான்கு வயதே மூத்த, தமிழ் பேசும் ஒரு பெண் முடித்து அனுப்பியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

*

வழக்கு மறுபடி நியூ ஜெர்சிக்கே வந்தது. 2024 மார்ச் 21 அன்று அமெரிக்க நீதித்துறை ஆப்பிள்மீது ஏகபோக வழக்கை நியூவர்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தது. நியூ ஜெர்சியும் கலிஃபோர்னியாவும் உடன் சேர்ந்த மாநிலங்களில் அடக்கம், டெக்சாஸ் சேரவில்லை. பச்சைக் குமிழியால் பதின்ம வயதினர் ஒதுக்கப்படுவதும் பழிக்கப்படுவதும் அந்த மனுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆப்பிள் குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. தன் கருவிகள் ஒன்றோடொன்று நன்றாக இயங்குவதும் பாதுகாப்பாக இருப்பதும்தான் வாடிக்கையாளர் விரும்புவது என்கிறது. அதிலும் உண்மை இல்லாமலில்லை. 2025 ஜூன் 30 அன்று நீதிபதி ஜூலியன் நீல்ஸ் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டார். இதற்கிடையே 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18-ல் ஆர்.சி.எஸ். வந்தது. ஆண்ட்ராய்டிலிருந்து வரும் படங்கள் தெளிவாயின. நிறம் மட்டும் மாறவில்லை.

பள்ளிகள் தம் வழியில் போகின்றன. நியூ ஜெர்சி 1989-லேயே மாணவர்கள் பள்ளிக்குப் பேஜர் கொண்டுவருவதைக் குற்றமாக்கிய மாநிலம். அன்று பேஜர் என்றால் போதைப்பொருள் வியாபாரம் என்ற அச்சம். டெக்சாஸ் 2025 ஜூனில் பள்ளி நேரம் முழுதும் போனுக்குத் தடை விதித்தது. கலிஃபோர்னியா, எல்லாப் பள்ளி மாவட்டங்களும் 2026 ஜூலைக்குள் கட்டுப்பாட்டு விதி வகுக்க வேண்டும் என்றிருக்கிறது. இந்தச் சட்டங்கள் காலை எட்டிலிருந்து மாலை மூன்று வரையிலான நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். குழுக்கள் உருவாவது அதற்குப் பிறகு.

மகள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். சென்ற ஆண்டு இறுதியில் ஊருக்குப் போயிருந்தபோது காஞ்சிபுரத்துக்குக் காரில் போனோம். சுங்குவார்சத்திரத்தில் காபிக்கு நிறுத்தினோம். ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள்தான் உன் போனைச் செய்கிறவர்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க என்ன போன்ப்பா வச்சிருக்காங்க?”

“இங்க நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல ஆண்ட்ராய்ட்தாம்மா.”

காபி வந்தது. பேருந்துகள் கிளம்பி நெடுஞ்சாலையில் ஏறின. அவள் தன் போனை எடுத்து அவற்றைப் படம் பிடிக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, பிடிக்காமல் பைக்குள் வைத்துவிட்டாள்.